பழைய தோட்ட டிராக்டரில் புதிய கியர் பெட்டி: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

1960-களின் தொடக்கத்தில் வந்த தோட்ட டிராக்டரில் 1970-களின் கியர் பெட்டியை ஏற்றியாயிற்று. போல்ட் எல்லாம் உட்கார்ந்துவிட்டது, எஞ்சினும் ஓடுகிறது. ஆனால் வண்டி நகர மறுக்கிறது, அல்லது நிற்க மறுக்கிறது, அல்லது அடியிலிருந்து ஏதோ கரகரவென்று கேட்கிறது. அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டியைக் கழற்றி மாட்டுவது எப்படி என்பது இதில் இல்லை.

உதாரணத்துக்கு வீல் ஹார்ஸ் வண்டியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சௌத் பெண்ட் ஊரில் தயாரானது. 1986-இல் டோரோ நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன் வார்ப்பிரும்புப் பெட்டிக்கு யூனி-டிரைவ் என்று பெயர். பழைய மூன்று வேகப் பெட்டியை எடுத்துவிட்டு, பிந்தைய சி வரிசை வண்டிகளின் எட்டு வேகப் பெட்டியைப் போடுவதுதான் பலரும் செய்யும் மாற்றம். எட்டு என்றால் முன்னால் போக ஆறு, பின்னால் போக இரண்டு. மூன்று கியரும் ஒரு ரிவர்ஸும் ஹை, லோ என இரண்டு ரேஞ்சில் கிடைக்கின்றன. உங்கள் வண்டி வேறு பிராண்டாக இருந்தாலும் பெல்ட்டில் ஓடும் வண்டி என்றால் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றிய பிறகு வரும் கோளாறு பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்காது. பழைய சட்டமும் புதுப் பெட்டியும் சேரும் இடங்களில்தான் இருக்கும்: பெல்ட், புல்லி, கீ (புல்லியையோ ஹப்பையோ தண்டோடு பூட்டும் சிறு இரும்புத் துண்டு), ஹப் (சக்கரத்தை அச்சில் பிடித்துவைக்கும் நடுப்பகுதி), லிவர், பிரேக் கம்பி. இவை அனைத்தையும் பார்த்து முடிக்கும்வரை பெட்டியைப் பிளக்காதீர்கள். பிளந்தால் இரு பாதிக்கும் நடுவில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் தாள், அதாவது கேஸ்கட், போச்சு. இந்த வண்டிக்கான கேஸ்கட் இங்கே சிங்கப்பூரில் எந்தக் கடை அலமாரியிலும் தொங்காது. தாள் வாங்கிக் கையால் வெட்ட வேண்டும், இல்லையென்றால் வரவழைக்க வேண்டும்.

தொடங்கும் முன்

ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள். முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜேக்கியை நம்பிக் கீழே கையை விடாதீர்கள். சிமெண்ட் தரை அவசியம். வீவக அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதால் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கத்துப் பண்ணைகளில்தான் இது நடக்கிறது. அங்கே மண் தரையில், அதுவும் மழை பெய்த மறுநாள், ஸ்டாண்டின் கால் மெல்லப் புதைவது கண்ணுக்கே தெரியாது.

ஒரு வெர்னியர் அளவுகருவி, ஒரு நேரான இரும்புப் பட்டை, ஒரு வெள்ளைப் பெயிண்ட் பேனா. முதல் சுற்றுக்கு இவை போதும்.

எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி நகரவில்லை

இரண்டு சக்கரமும் தரையில் படாத நிலையில், முதல் கியரில் போட்டு, பெட்டியின் புல்லியைக் கையால் சுற்றுங்கள். என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

புல்லி சுற்றுகிறது, அதன் நடுவில் உள்ள தண்டு சுற்றவில்லை. கீ இல்லை, அல்லது அறுந்துவிட்டது. புல்லியைக் கழற்றிப் பள்ளத்தைப் பாருங்கள்.

தண்டும் சுற்றுகிறது, சக்கரம் இரண்டும் அசையவில்லை. ரேஞ்ச் லிவரைப் பாருங்கள். ஹைக்கும் லோவுக்கும் நடுவில் அது நின்றால் பெட்டி நியூட்ரலில் இருக்கிறது என்று பொருள். பழைய வண்டியில் இந்த லிவரே கிடையாது என்பதால் அதற்கென்று இடம் விட்டிருக்க மாட்டார்கள். இருக்கைத் தகட்டிலோ மட்கார்டிலோ லிவர் முட்டினால் முழுத் தூரம் போகாமல் பாதியில் நின்றுவிடும். கையில் பிடித்தால் விழுந்த மாதிரியே இருக்கும். இருக்கையைக் கழற்றிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். லிவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் டக்கென்று உட்கார்ந்தால் தகட்டைத்தான் வெட்ட வேண்டும், பெட்டியை அல்ல.

அச்சு சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. இதுதான் அதிகம் பேரைச் சுற்றவைக்கும் கோளாறு, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பழைய மூன்று வேகப் பெட்டியின் அச்சு பொதுவாக 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். பிந்தைய எட்டு வேகப் பெட்டிகளில் பலவற்றின் அச்சு இதைவிடப் பெரியது. எதையும் ஊகிக்க வேண்டாம், வெர்னியர் வைத்துப் பாருங்கள்: 28.6 மில்லிமீட்டர் காட்டினால் அது 1 1/8 அங்குல அச்சு. ஒரு அங்குல அச்சோடு வந்த எட்டு வேகப் பெட்டிகளும் உண்டு. பழைய ஹப் பெரிய அச்சில் ஏறாது, அது உடனே தெரிந்துவிடும். வம்பு வருவது எதிர்த்திசையில்: பெரிய ஹப்பைச் சின்ன அச்சில் மெல்லிய தகடு சுற்றி ஏற்றிவிடுவார்கள். பட்டறையில் நிற்கும்போது இறுகலாக இருக்கும், புல்மேட்டில் ஏறும்போது வழுக்கும்.

அடுத்தது கீ. ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்ட்வேர் கடையில் கீ கேட்டால் கைக்கு வருவது மெட்ரிக் அளவு. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். அந்தப் பள்ளத்தில் 6 மில்லிமீட்டர் கீயைப் போட்டால் 0.35 மில்லிமீட்டர் ஆட்டம். முதல் நாள் ஒன்றும் தெரியாது. முன்னும் பின்னும் கியர் மாற்றிமாற்றி ஓட்டும்போது கீ தட்டித்தட்டிப் பள்ளத்தின் ஓரத்தைச் சாப்பிட்டுவிடும். பிறகு சரியான கீ போட்டாலும் நிற்காது. அங்குல அளவுக் கீ ஸ்டாக் வாங்கி நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள், அல்லது அரைநிலா வடிவக் கீ என்றால் பழையதையே மாதிரிக்கு எடுத்துப் போங்கள். போல்ட்டிலும் இதே கதைதான்: 3/8 அங்குல போல்ட் இருந்த துளையில் எம்10-ஐ ஸ்பேனர் பலத்தால் திருகி ஏற்றினால் வார்ப்பிரும்பின் புரி போய்விடும்.

ஹப் வழுக்குகிறதா என்று உறுதி செய்ய, அச்சின் முனையிலிருந்து ஹப்பின் முகம்வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரே கோடு போடுங்கள். காயவிடுங்கள். இறக்கி, லோ ரேஞ்சில் புல்தரையில் கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டாக விலகி நின்றால் ஹப்தான். கோடு நேராகவே இருந்து, ஆனால் பெயிண்ட் ஓரத்தில் மயிரிழை விரிசலும் அதில் துருப்பிடித்த சிவப்புத் தூளும் தெரிந்தால் இன்னும் வழுக்கவில்லை, ஆடத் தொடங்கிவிட்டது. ஹப்பின் சதுரத் தலைத் திருகாணிகளை இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டி, மறுபடி இறுக்குங்கள். ஒரே தடவை இறுக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் பதற வேண்டாம், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் அப்படித்தான். கியரில் போட்டுப் புல்லியை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒரு சக்கரத்தை முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்ற வேண்டும். சுற்றினால் உள்ளே நலம்.

பெல்ட் கீச்சிடுகிறது, கருகுகிறது, கழன்று விழுகிறது

எஞ்சின் புல்லியின் பள்ளமும் பெட்டிப் புல்லியின் பள்ளமும் ஒரே கோட்டில் இல்லை. புதுப் பெட்டியோடு வந்த புல்லியில் தண்டின் மேல் ஏறும் நடுப்பகுதியின் நீளம் பழையதிலிருந்து வேறுபடும். தண்டும் வெளியே வேறு அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இரும்புப் பட்டையைப் புல்லியின் முகத்தில் வைத்து ‘நேராக இருக்கிறது’ என்று சொல்பவர்கள் ஏமாறுவது எங்கே என்றால், இரண்டு புல்லியின் விளிம்புத் தடிமனும் ஒன்றாக இருக்காது. பள்ளத்தின் நடுவிலிருந்து நடுவுக்குத்தான் அளக்க வேண்டும். கீயின் மேல் புல்லியை உள்ளே வெளியே நகர்த்தி ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள்.

பெல்ட்டின் அகலமும் கவனம். 4எல் என்றால் அரை அங்குலம், 5எல் என்றால் ஏறக்குறைய 5/8 அங்குலம். அகலப் பள்ளத்தில் ஒல்லி பெல்ட் போட்டால் அது பக்கச் சுவரைப் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்து ஓடும். கழற்றி உள்விளிம்பைப் பாருங்கள்: கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் அடியில் உரசியிருக்கிறது, எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும்.

கிளட்ச் வேலை செய்வதே பெல்ட்டைத் தளர்த்தி என்பதால் கார் கடையில் கிடைக்கும் பல் வெட்டிய பெல்ட்டை இதற்குப் போடாதீர்கள். அது புல்லியைக் கவ்விக்கொண்டு விடாது. துணி சுற்றிய, உள்ளே அராமிட் நூல் ஓடும் பெல்ட் கொஞ்சம் விலை அதிகம், ஆனால் அதுதான் இதற்கு ஏற்றது.

கிளட்சை மிதித்தாலும் வண்டி ஊர்கிறது

இதைச் சரி செய்யாமல் வண்டியைத் தரையில் இறக்காதீர்கள்.

மிதித்ததும், பெல்ட்டை அழுத்தி இறுக்கிவைக்கும் ஐட்லர் புல்லி விலகுகிறது, பெல்ட் தொய்கிறது. தொய்ந்த பெல்ட் எஞ்சின் புல்லியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் புல்லியைச் சுற்றி விரல் போன்ற கம்பிகள் வைத்திருக்கிறார்கள். பெட்டி மாற்றும்போது கழற்றிய அந்தக் கம்பிகள் பெரும்பாலும் ஒரு டப்பாவில் கிடக்கும், ‘இது எதற்கு’ என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவற்றை மாட்டுங்கள். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போது கம்பிக்கும் பெல்ட்டின் முதுகுக்கும் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி.

கம்பிகள் சரியாக இருந்தும் ஊர்ந்தால் பெல்ட் நீளம் குறைவு. பழைய பெட்டியின் புல்லி சின்னது, புதியது பெரியது என்றால் பழைய பெல்ட் போதாது. ஐட்லருக்கு விலக இடமே இருக்காது.

கியர் போடும்போது கரகரக்கிறது

ஓடிக்கொண்டே மாற்றுகிறீர்களா? அப்படியென்றால் கோளாறு வண்டியில் இல்லை. ஓடும்போதே பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ இந்தப் பெட்டியில் கிடையாது. நிறுத்தி, கிளட்சை முழுக்க மிதித்து, ஒரு நொடி விட்டு மாற்ற வேண்டும். கார் ஓட்டிப் பழகிய நம் ஆட்களுக்கு இது கொஞ்ச நாள் பிடிக்கும்.

நின்ற பிறகும் கரகரத்தால் மேலே சொன்ன ஊர்தல் கோளாறுதான், மென்மையான வடிவில். பெல்ட் இன்னும் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

லிவர் எங்கேயும் போகாமல் சிக்கிக்கொண்டது, சக்கரமும் பூட்டிக்கொண்டது

பெட்டிக்குள் பல் உடைந்துவிட்டது என்று எல்லாரும் பயப்படும் இடம் இது. பெரும்பாலும் இல்லை. உள்ளே இரண்டு தண்டவாளம் போன்ற ஷிஃப்ட் கம்பிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு முள்கரண்டி. லிவரின் அடிநுனி ஏதாவது ஒரு கம்பியின் வெட்டில் உட்கார்ந்து அதைத் தள்ளும். நுனி தேய்ந்திருந்தாலோ, லிவரின் உருண்டையைப் பிடித்திருக்கும் கூர்முனைத் திருகாணி தளர்ந்திருந்தாலோ, ஒரு கம்பி கியரில் இருக்கும்போதே லிவர் நழுவி மற்றதைத் தள்ளிவிடும். இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்தால் எதுவும் சுற்றாது.

எஞ்சினை நிறுத்துங்கள். அந்தத் திருகாணியைத் தளர்த்தி லிவரை மேலே உருவி எடுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு வெட்டும் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பது தெரியும். நீண்ட ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி, புல்லியைக் கையால் லேசாக ஆட்டிக்கொண்டே, இரண்டும் நேருக்கு நேர் வரும்வரை தள்ளுங்கள். வந்துவிட்டால் நியூட்ரல். லிவரைப் போட்டுத் திருகாணியை இறுக்கி, பிறகு லாக் நட்டையும் இறுக்குங்கள். நுனி தேய்ந்திருந்தால் வெல்டிங் வைத்து மேடாக்கி அரம் போட வேண்டும். சுங்கை காடுட் பக்கத்துப் பட்டறைகளுக்கு அது பெரிய வேலை இல்லை.

ஓடும்போது கியர் தானாக விடுபடுகிறது

மறுபடியும் முதலில் வெளியே பாருங்கள். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் வண்டியையே குலுக்கும். லிவரோ குமிழோ தகட்டை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் குலுக்கலே கியரைத் தட்டிவிடும். தகட்டில் பெயிண்ட் போன பளபளப்பான ஒரு புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி எதுவும் இல்லை, ஏற்றத்தில் மட்டும் ஒரே கியர் விடுபடுகிறது என்றால்தான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங், குண்டு, அல்லது தேய்ந்த பல். அப்போது பெட்டியைத் திறப்பதில் நியாயம் உண்டு.

எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வருகிறது

தண்ணீர். வேறு எதுவும் இல்லை.

இந்தப் பெட்டிகளுக்கு இது ஊரறிந்த நோய். லிவரின் அடியில் உள்ள ரப்பர் உறை வெடித்திருக்கும். லிவர் வழியே வழியும் மழைத்தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். அமெரிக்காவில் கொட்டகையில் குளிர்காலம் முழுக்க நின்ற வண்டிக்கே இது நடக்கும். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, டிசம்பர் வந்தால் நாள்கணக்கில் விடாத தூறல், காற்றில் எப்போதும் ஈரம். பழைய வண்டியில் லிவரைத் தகடு மூடியிருந்திருக்கலாம், புதுப் பெட்டியின் லிவருக்காக நீங்கள் வெட்டிய ஓட்டை இப்போது திறந்தே கிடக்கிறது. வண்டியை வெளியில் நிறுத்துபவர்கள் முதலில் செய்ய வேண்டியது அந்த உறையை மாற்றுவது. லாரி கியர் லிவருக்கான ரப்பர் உறையை வெட்டிப் பொருத்தி, மேலும் கீழும் கிளிப் போட்டுவிடலாம்.

பிறகு சுத்தம். வண்டியைக் கொஞ்சம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கி வடித்துவிடுங்கள். முதலில் விழுவது சில சமயம் எண்ணெயே இல்லை, தெளிந்த தண்ணீர். அது கனம் என்பதால் அடியில் தேங்கி நிற்கும். அதன் பிறகு கெட்டியாகப் பழுப்புக் குழம்பு வரும். டீசல் ஒரு லிட்டர் போல ஊற்றி, சக்கரங்கள் தூக்கிய நிலையில் எல்லாக் கியரிலும் சிறிது நேரம் மெதுவாக ஓட்டி மறுபடி வடியுங்கள். டீசல் நிறம் மாறாமல் வரும்வரை இதையே செய்யுங்கள். இரவு முழுக்க வடிகால் ஆணியைத் திறந்தே விட்டு, மறுநாள் 90 கிரேடு கியர் ஆயில் ஊற்றுங்கள். எட்டு வேக யூனி-டிரைவ் பெட்டிக்குச் சுமார் 1.9 லிட்டர். ஆனால் கடைசிச் சொல் அளவுக் குச்சியுடையது. சமதளத்தில் நிறுத்தி அதைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் அது சீல் (அச்சைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையம்) வழியாக வெளியே வந்து, சீல் கெட்டுவிட்டது என்ற தப்பான முடிவுக்குக் கொண்டுபோகும்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அந்தப் பக்கத்துக் கால்வாய்கள் நீர்த்தேக்கங்களைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. டின்னில் அடைத்து, கழிவெண்ணெய் எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் சேர்க்கும் ஏதாவது ஒரு கார் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அச்சு ஓரத்தில் எண்ணெய் கசிகிறது

அளவு சரியாக இருந்தும் கசிந்தால் சீல். புது சீல் போட்டும் கசிந்தால் அச்சு. சீலின் உதடு உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குத் துருக்குழி இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் பயனில்லை. சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளி, துருவில்லாத இடத்தில் உதடு படும்படி உட்காரவைக்கலாம். சீல் கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள், அங்குல அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

பிரேக் முன்னால் பிடிக்கவில்லை, பின்னால் மட்டும் பிடிக்கிறது

டிரம்மைச் சுற்றிய பட்டை பிரேக்குக்கு ஒரு குணம் உண்டு. ஒரு திசையில் டிரம்மே பட்டையை இழுத்து இறுக்கிக்கொள்ளும், மறு திசையில் தளர்த்திவிடும். முன்னால் போகும்போது இறுக்கிக்கொள்ளும்படி வைப்பதுதான் முறை. அதற்கு, டிரம் சுழலும்போது பட்டையை நிலையாகக் கட்டிய நுனியிலிருந்து விலக்கி, மிதிக்கட்டை இழுக்கும் நுனியை நோக்கித் தள்ள வேண்டும். புதுப் பெட்டியின் பட்டையைப் பழைய மிதிக்கட்டைக் கம்பியோடு எப்படியாவது சேர்த்தால் போதும் என்று மாட்டும்போது இது தலைகீழாகிவிடும். எவ்வளவு சரிசெய்தாலும் இறக்கத்தில் பிடிக்காது. நுனிகளை மாற்றிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பட்டையே டிரம்மோடு சேர்ந்து சுற்றினால், நிலையான நுனியின் ஆணி போடப்படவில்லை.

வேகம் பழைய மாதிரி இல்லை

கணக்குதான். எஞ்சின் நிமிடத்துக்கு அதிகபட்சம் 3,600 சுற்று, எஞ்சின் புல்லி 3 அங்குலம், பெட்டிப் புல்லி 9 அங்குலம் என்றால் பெட்டிக்குள் போவது 1,200. ஒன்பதை எட்டாக்கினால் 1,350. டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 18 அங்குல டயருக்குப் பதில் 23 அங்குல டயர் போட்டால் எல்லாக் கியரிலும் வேகம் கால் பங்குக்கு மேல் கூடும், இழுவை அதே விகிதத்தில் குறையும். லோ ரேஞ்சில் நேர்மாறான ஆபத்தும் உண்டு. இழுவை அதிகம் என்பதால் பின்னால் பாரம் கட்டி கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்பக்கம் தூக்கும். முன்னால் எடை கட்டுங்கள்.

லிவர் முன்னால், வண்டி பின்னால்

யூனி-டிரைவில் இதைப் பார்க்க மாட்டீர்கள். பெவல் (கூம்பு வடிவ) பற்சக்கரம் உள்ள வேறு வகைப் பெட்டியைப் போட்டவர்களுக்கு, யாரோ உள்ளே வளையப் பற்சக்கரத்தைத் திருப்பி மாட்டியிருந்தால் ஒரு கியர் முன்னாலும் மூன்று கியர் பின்னாலும் கிடைக்கும். இதற்கு மட்டும் திறந்தே ஆக வேண்டும்.

கியருக்குப் பதில் ஹைட்ரோ போட்டவர்களுக்கு

ஹைட்ரோ என்பது பம்பின் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் பெட்டி. சூடான பிறகு இழுவை குறைகிறது என்பதுதான் இங்கே வரும் முதல் புகார். 32 டிகிரி வெயிலில் எண்ணெய் மெலிந்துவிடும், குளிர்விக்கும் துடுப்புகளில் புல் தூசு அப்பியிருந்தால் இன்னும் மோசம். தூசைத் தட்டிவிட்டு, அந்தந்தப் பம்புக்கு எழுதிய எண்ணெய்தான் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு எஞ்சின் ஆயில், இன்னொன்றுக்கு ஆட்டோ கியர் திரவம் என்று மாறும், கியர் ஆயில் எதற்கும் ஆகாது. மாட்டியதிலிருந்தே நகரவில்லை என்றால் வண்டியைத் தள்ளுவதற்கான வால்வு திறந்திருக்கிறது. முனகிக்கொண்டு திணறினால் உள்ளே காற்று. சக்கரத்தைத் தூக்கி வைத்து, மெதுவான வேகத்தில் லிவரை முன்னும் பின்னும் பலமுறை நகர்த்தினால் வெளியேறும். லிவர் நியூட்ரலில் இருந்தும் ஊர்ந்தால் இணைப்புக் கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். அந்த வண்டியோடு வந்த நியூட்ரல் ஸ்விட்சையும் உங்கள் வயரிங்கில் சேருங்கள், இரண்டு வயரை முறுக்கிவிட்டுப் போகாதீர்கள்.